இரண்டு பாத்திக் கீரையும் மஸ்தூரா ஓபாவும்

எங்கள் எல்லாருக்கும் அக்காவான மஸ்தூரா ஓபாவின் எதிரில் ஈயம் என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தவர்களுக்கு அன்றைக்குக் கொத்தமல்லி கிடைக்காது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற பழைய ஈய ஆலையின் புகைபோக்கி எல்லார் வீட்டு ஜன்னலிலும் தெரிகிறது. ஆலையை மூடிப் பல வருடம் ஆகிறது. மூடியபோது ஆட்கள் போனார்கள், இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், தூசு மட்டும் மண்ணோடு தங்கிவிட்டது. எங்கள் ஊர் சாரிபுலாக்கில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஓபாவுக்கும் தெரியும். ஆனால் அந்தத் தூசு தன் வீட்டு வேலிவரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது என்பது அவர் கட்சி.

"என் மாமியார் தொண்ணூறு வயசு வரைக்கும் இந்தக் கீரையத்தான் தின்னாங்க. சாகிற அன்னிக்குக்கூட என்னைத் திட்டி முடிச்சிட்டுத்தான் கண்ண மூடினாங்க. நாக்குல ஒரு குறை சொல்ல முடியுமா?" என்பார்.

குறை சொல்ல யாருக்குத் துணிச்சல்? ஓபாவுக்கு ஐம்பத்தாறு வயது. மேல்வரிசையில் தங்கப் பற்கள், தலையில் பெரிய ரோஜாப்பூ போட்ட துணி, சந்தையின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் தராசு ஆடுகிற குரல். நான் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இத்தனை வருடம் குடியிருக்கிறேன். அவர் தருகிற கொத்தமல்லியை மூன்று தண்ணீரில் அலசுவேன். அதையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் அலசுவேன். சத்தம் கேட்டு அவர் மனம் நொந்துவிட்டால் என்ன செய்வது?

ஓபாவின் உயிர் ஓரிடத்தில் இருந்தது. சந்தை வாசலுக்கு வலது கைப் பக்கம், முசுக்கட்டை மரத்தடி. கீரை வாங்க உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம். கல்யாணமாகி வந்த மறு வசந்தத்திலிருந்து அங்கேதான் பாலக்கீரை, கொத்தமல்லி, சதகுப்பைக் கீரை, பச்சை வெங்காயத்தாள் எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தையில் இடத்துக்குப் பத்திரம் கிடையாது. உட்கார்ந்தால் உன்னுடையது, ஒரு பருவம் உட்காராவிட்டால் பக்கத்தில் இருப்பவருடையது. அவ்வளவுதான் சட்டம்.

பக்கத்தில் இருந்தவள் பரோகத். இவளும் எங்கள் தெருதான், கடைசி வீடு. ஆற்றுக்கு மேலே இருக்கிற கிராமத்திலிருந்து கீரை வாங்கி வந்து விற்பாள். இருவரும் தினமும் சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை இல்லாத நாளில் வாடிக்கைக்காரர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார்கள்.

போன இலையுதிர் காலத்தில் சந்தைக்குள் புதிதாக ஒரு பரிசோதனை அறை வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எல்லார் கீரையிலும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனாள். மஸ்தூரா ஓபாவின் பாலக்கீரையில் ஈயம் அளவுக்கு மேலே இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

"உன் மிஷின்லதான் ஈயம் இருக்கு. தொடச்சிட்டு மறுபடி பாரு," என்றார் ஓபா.

அவள் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை கொஞ்சம் கூடவே வந்தது.

சந்தை மேலாளர் நல்ல மனிதர், ஓபாவிடம் சின்ன வயதில் காது திருகல் வாங்கியவர். "ஓபா, என் கையில ஒண்ணுமில்ல. கீரை தேறட்டும், அப்புறம் வந்து உக்காருங்க. ஏப்ரல் பொறக்கிற வரைக்கும் இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல கேக்காதீங்க," என்றார்.

ஓபா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவர் நிழல் அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் பரோகத்தின் வெங்காயத்தாள் தட்டு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

"என்ன பண்ற?"

"இடம் ஆறிப்போயிடக் கூடாதில்ல ஓபா. நீங்க வர்ற வரைக்கும் சூடா வெச்சிருக்கேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஓபா வீட்டில் கதவுகள் சாத்தப்படும் சத்தம் எங்கள் வீட்டுவரை கேட்டது.

ஜனவரியில் ஆய்கெரிம் வந்தாள். நகரத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, முப்பது வயது இருக்கும், குதிகால் உயர்ந்த பூட்ஸோடு எங்கள் தெருச் சேற்றில் இறங்கிய முதல் விஞ்ஞானி. ஈயம் ஏறிய மண்ணில் கீரை வளர்க்கிற தோட்டம் ஒன்று வேண்டும், செடிக்கு ஹார்மோன் தெளித்துப் பார்க்க வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டாள். எங்கள் தோட்டத்தில் ஈயமில்லை, அடுத்த வீட்டில் கேளுங்கள் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல ஓபா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஈயம் இருக்கிற தோட்டம் வேணும்னா வேற தெரு பாரு," என்று ஓபா கதவைச் சாத்தப் போனார்.

ஆனால் அவர் கணவர் ஹோல்மத் அகா அதற்குள் விருந்தாளிக்குப் பாய் விரித்து, ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டார். ஹோல்மத் அகா, எங்கள் எல்லாருக்கும் அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பஸ் ஓட்டிய காலத்தில் கையைக் காட்டியவர், காட்டாதவர், சும்மா ரோட்டோரம் நின்றவர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனவர். வாசலுக்கு வந்த ஆள் தேநீர் குடிக்காமல் திரும்பினால் அவருக்கு அன்று தூக்கம் வராது.

ஆய்கெரிம் ஒரு வாய் தேநீர் குடித்தாள். பேச்சை வேறு மாதிரி எடுத்தாள்.

"ஓபா, உங்க மண்ணப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. உங்க கீரை மன உளைச்சல்ல இருக்குன்னுதான் சொல்றேன்."

ஓபா திரும்பினார். "மன உளைச்சலா? அதுக்கென்ன உளைச்சல்? சாணி போடறேன், தண்ணி ஊத்தறேன், குளிருக்கு பிளாஸ்டிக் போத்தி விடறேன். இந்த வீட்டுல எனக்குக்கூட அவ்வளவு நடக்கிறதில்ல."

"செடி வேர்ல வேண்டாத ஒண்ணு படும்போது அது தவிச்சுப் போயிடும் ஓபா. அந்தத் தவிப்புல இலை வெளுக்கும், வளர்த்தி நிக்கும், வேண்டாததும் இலைக்கு ஏறிடும். செடிக்குள்ளயே ஒரு ஹார்மோன் இருக்கு, தெம்பு குடுக்கிறது. அதையே நாம கொஞ்சம் வெளியிலேர்ந்து இலையில தெளிச்சா, அந்த வேண்டாதத வேர்லயே கட்டிப் போட்டு வைக்கப் பாக்கும். மேல ஏத்தாது."

"வேண்டாததுன்னா?"

ஆய்கெரிம் ஹோல்மத் அகாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்து வேண்டாம் என்றார்.

"வேண்டாததுதான் ஓபா," என்றாள்.

"ஏப்ரலுக்குள்ள கீரை தேறுமா?"

"தேறும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாக்கலாம். தேறினா எங்க நிலையமே சந்தைக்கு எழுதிக் குடுக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையில் ஓபா உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பாத்தி. ஒரே விதை, ஒரே மண், ஒரே பிளாஸ்டிக் கூடாரம். வலது பாத்திக்கு ஹார்மோன் கலந்த தண்ணீர், இடது பாத்திக்கு வெறும் தண்ணீர். இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் மருந்தின் வேலை தெரியும் என்றாள் ஆய்கெரிம். ஓபாவுக்கு இது ஏறவே இல்லை.

"ரெண்டும் என் வயித்துல பொறந்த மாதிரி. ஒண்ணுக்கு மருந்து, இன்னொண்ணு பாத்துக்கிட்டு நிக்கணுமா? என்ன படிப்பு இது?"

இவர் மனம் பொறுக்காமல் இடது பாத்திக்கும் ஊற்றிவிடுவார் என்று ஆய்கெரிமுக்குப் புரிந்துவிட்டது. ரொட்டியை எடுத்து நீட்டினாள். எங்கள் ஊரில் ரொட்டியின் மேல் கை வைத்துச் சொன்னால் சொன்னதுதான், பொய் சொன்னவன் கண் அவிந்துபோகும். ஓபா முனகிக்கொண்டே கை வைத்தார். இடது பாத்திக்கு மருந்து தெளிக்க மாட்டேன், மார்ச்சில் வருகிற நவ்ரூஸ் புத்தாண்டு அன்று ஆய்கெரிம் வருகிறவரை இரண்டு பாத்தியிலும் ஓர் இலை கிள்ள மாட்டேன். ஹோல்மத் அகா அந்த நேரம் வெந்நீர் எடுக்க உள்ளே போயிருந்தார். அவரையும் கை வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மருந்து விரல் பருமன் குப்பியில் வந்தது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும், சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதில் நேராகக் கலந்தால் கெட்டுவிடும், எலுமிச்சை பிழிந்துதான் கலக்க வேண்டும். ஹோல்மத் அகாவின் தேநீருக்கு வைத்திருந்த எலுமிச்சையெல்லாம் பாத்திக்குப் போயிற்று. "வீட்டு ஆம்பளைக்கு வெறுந்தேநீர், கீரைக்கு எலுமிச்சையா?" என்று அவர் தேநீர்க்கடையில் போய்ச் சொல்லி வருத்தப்பட்டார்.

வருத்தப்பட்டதோடு நிற்காமல் ஹார்மோன் என்றும் சொல்லிவிட்டார்.

தேநீர்க்கடையில் போட்ட ஒரு சொல் எங்கள் தெருவில் நடந்து வராது, பறந்து வரும். ஹார்மோன் என்றால் மருத்துவமனையில் பிள்ளை இல்லாதவர்களுக்குப் போடுகிற ஊசி என்று ஒருத்திக்குத் தெரியும். மீசை முளைக்க வைப்பது என்று இன்னொருத்திக்குத் தெரியும். சரியாக அந்த வாரம் பார்த்து, நடுத்தெரு ஸும்ராதுக்கு வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்று டாக்டர் சொன்னார். ஸும்ராது போன வருடம் யாரிடம் கொத்தமல்லி வாங்கினாள்? மஸ்தூரா ஓபாவிடம். போன வருடம் ஹார்மோனே தெளிக்கவில்லையே என்று கேட்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

அதற்குப் பிறகு, போகிற வருகிற பெண்களெல்லாம் ஓபா வீட்டு வேலி அருகே நடையைத் தளர்த்தினார்கள். வலது பாத்தி அடர்பச்சையில் தளதளவென்று நின்றது. இடது பாத்தி, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி, ஓரம் வெளுத்துச் சோர்ந்து நின்றது. ஓபா தினமும் அதைப் போய்த் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார். தடவுவதைப் பற்றி ரொட்டியின் மேல் எதுவும் சொல்லவில்லை.

நவ்ரூஸ் வந்தது. ராத்திரி முழுக்கத் தெருவில் பெரிய அண்டாவில் முளைக்கோதுமைக் கூழ், அந்தச் சுமலக், கிளறி, விடிந்ததும் வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார்கள். ஓபா அதற்குள் ஆய்கெரிமை அழைத்து வரப் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். விஞ்ஞானியின் கார் ரிப்பேர். பஸ்ஸும் நவ்ரூஸ் கொண்டாடிக்கொண்டே வந்ததால் மத்தியானம் ஆகிவிட்டது.

இருவரும் வந்து தோட்டத்துக் கதவைத் திறந்தார்கள். இடது பாத்தி அப்படியே இருந்தது. வலது பாத்தியில் மண் தெரிந்தது. ஹோல்மத் அகா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கத்தியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இங்க இருந்த பாத்தி எங்க?" என்றார் ஓபா.

"பாத்தி இங்கதான் இருக்கு. கீரைதான் இல்ல."

"கீரை எங்க?"

"காலையிலேர்ந்து ஒரே கிண்ணமா வருது. ஹுர்சனோய் கொண்டுவந்தா, மமஜான் வீட்டுலேர்ந்து வந்துச்சு, அந்த வீடு, இந்த வீடு. வந்த கிண்ணத்தக் காலியாவா திருப்பிக் குடுக்க முடியும்? ரொட்டி தீந்துபோச்சு. மிட்டாய் வெச்ச அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவிய நீ இடுப்புல சொருகிட்டுப் போயிட்ட, எனக்குச் சக்கரைன்னு. நான் என்ன பண்ணட்டும், கிண்ணத்துல என் தொப்பியப் போட்டு அனுப்பவா?"

"அதுக்கு இடது பாத்தில அறுத்திருக்கக் கூடாதா?"

ஹோல்மத் அகாவுக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டது. "அந்த வெளிறிப்போனதையா? நவ்ரூஸ் அன்னிக்கு, வாசலுக்கு வந்தவங்களுக்கு? இருக்கிறதுல நல்லதக் குடுக்கணும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

ஆய்கெரிம் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். "மருந்து வேலை செஞ்சிருக்கு. அகா கண்ணுக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "ஆனா அகா கண்ணுக்குத் தெரிஞ்சதுன்னு நான் எழுத முடியாதே."

"மறுபடி துளிர்க்காதா?"

"துளிர்க்கும் ஓபா. ஏப்ரலுக்குள்ள துளிர்க்காது. அரைக்கிலோ இருந்தாப் போதும். பச்சையா, வேகாம."

ஓபா தலைத்துணியை இறுக்கிக் கட்டினார். "எழுந்திரு. இன்னும் எல்லாரும் மாவு பிசைஞ்சிட்டுத்தான் இருப்பாங்க."

வசந்தத்தின் முதல் கீரையை நறுக்கி, கொழுப்பும் வெங்காயமும் சேர்த்து மாவுக்குள் வைத்துச் சுடுகிற பச்சைச் சம்சா இல்லாமல் எங்களுக்கு நவ்ரூஸ் இல்லை. அன்றைக்கு எந்த வீட்டுக்குக் கீரை போனாலும் அது நேராக அடுப்புக்குத்தான் போகும்.

முதல் வீடு ஹுர்சனோய். நவ்ரூஸ் அன்று வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்ப முடியாது. உட்கார வைத்தாள், ரொட்டி பிட்டாள், தேநீர் ஊற்றினாள், ஸும்ராதின் இரட்டையைப் பற்றி விசாரித்தாள்.

"ஹுர்சனோய், அந்தக் கீரை," என்றார் ஓபா.

"ரொம்ப நல்ல கீரை ஓபா. எனக்கு ரெண்டு பிடி போதும்னு எடுத்துட்டு, மிச்சத்த என் நாத்தனாருக்குக் குடுத்து அனுப்பிட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகுதில்ல அவளுக்கு."

"உன் ரெண்டு பிடி?"

ஹுர்சனோய் முற்றத்துத் தந்தூரி அடுப்பைக் கண்ணால் காட்டினாள். வாசனை பிரமாதமாக இருந்தது. ஆய்கெரிம் அதைத் தின்ன வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஓபா அவள் பூட்ஸை மிதித்தார்.

"ஹுர்சனோய், அந்தக் கீரையில மருந்து தெளிச்சிருக்கு. இன்னும் நாள் ஆகணும். திங்காத, எடுத்துக் கொட்டு. நான் உனக்கு வேற தர்றேன்," என்றார் ஓபா. பொய் சொல்லவில்லை. ஆனால் எதைச் சொல்ல வேண்டுமோ அதையும் சொல்லவில்லை.

நாத்தனார் வீட்டில் ஒரு பிடி பச்சையாக மீந்திருந்தது. அவள் மாமியார் அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஆய்கெரிம் காகிதப் பையில் போட்டு எடை பார்த்தாள். முகம் மலரவில்லை, அது போதாது.

தேநீர்க்கடை மமஜான் தன் வீட்டுக்குக் கீரையே வரவில்லை என்றார். அவருக்கு அறுபது வயது, முப்பது வயதிலேயே முடியெல்லாம் போய்விட்டது. வீட்டுக்குள், அடுப்புப் பக்கத்தில், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை ஓடியது. வேர்வை பச்சையாக இருந்தது.

"மமஜான் அகா, தொப்பிய எடுங்க," என்றார் ஓபா.

"குளுருது."

"எடுங்க அகா, இந்தப் பொண்ணு டாக்டரு மாதிரிதான்."

எடுத்தார். அரைத்த கீரை, பாதி காய்ந்து, வழுக்கை முழுக்கப் பாசி மாதிரி அப்பியிருந்தது.

ஆய்கெரிம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. "அகா, இது செடியோட ஹார்மோன். மனுஷத் தலைக்கு ஒண்ணும் பண்ணாது," என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"ஒண்ணுமே பண்ணாதா?"

"ஒண்ணுமே."

மமஜான் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அரைக்காதது ஒரு கட்டு இருக்கு. எடுத்துட்டுப் போங்க. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவ சம்சாவுக்குத் தேடிட்டிருக்கா."

இப்படி நாலைந்து வீடு. எல்லா வீட்டிலும் தேநீர். பை கால்வாசிதான் நிறைந்தது. தெருவில் நின்று ஓபா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், பின்னாலேயே வந்துகொண்டிருந்த கணவரைப் பார்த்தார்.

"இன்னும் பெரிய கட்டு ஒண்ணு இருக்கணுமே. யாருக்குக் குடுத்த?"

ஹோல்மத் அகா புகைபோக்கியைப் பார்த்தார்.

"அவளுக்கா?"

"கிண்ணம் அனுப்பிச்சிருந்தா. நவ்ரூஸ்ல பகை பாக்கலாமா மஸ்தூரா? அதுவும் அவ கிண்ணம்தான் இருக்கிறதுலயே பெரிசு."

பரோகத் வீட்டுச் சமையலறையில் அவள் மருமகள் முனிஸா பலகையும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்தக் கட்டு, கழுவி, நீர் சொட்டச் சொட்ட. கல்யாணமாகி நான்கு வருடம். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய்த் தூக்கிக் கொஞ்சிவிட்டு, முதல் ஆளாக வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

பரோகத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "குடுத்தத் திருப்பிக் கேக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான் ஓபா."

"அவரு தெரியாமக் குடுத்துட்டாரு. பரிசோதனைக்கு வேணும். உனக்கு நான் வேற கட்டு தர்றேன்."

"எந்தப் பாத்தியிலேர்ந்து? அந்த வெளிறினதுலேர்ந்தா?" பரோகத் சிரித்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? இந்தக் கீரை டாக்டரம்மா கைக்குப் போனா முசுக்கட்டை மரத்தடி உங்களுக்கு. போகலேன்னா எனக்கு. நான் எதுக்குக் குடுக்கணும், சொல்லுங்க. அதுவுமில்லாம என் மருமக சாப்பிடணும்."

ஆய்கெரிம் முன்னால் வந்தாள். "அம்மா, அதச் சாப்பிடக் கூடாது. அதுல..." ஓபாவின் கால் பழக்கத்தில் அவள் பூட்ஸின் மேல் ஏறிவிட்டது.

"அதுல என்ன?" என்றாள் பரோகத்.

"மருந்து. மருந்து தெளிச்சிருக்கு," என்றார் ஓபா.

"அந்த மருந்துக்குத்தானே சாப்பிடறோம்."

முனிஸா தலையை நிமிர்த்தினாள். மெல்லிய குரலில், "ஓபா, எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. எனக்கு ஒரு பிடி மட்டும் விட்டுட்டுப் போங்க. ஒரே ஒரு பிடி," என்றாள். சொல்லிவிட்டு மாமியாரைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தாள்.

ஓபா அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஆய்கெரிமின் பூட்ஸிலிருந்து காலை எடுத்தார்.

"வேண்டாம் மகளே. அதுல ஈயம் இருக்கு."

 ஹோல்மத் அகா தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் பரோகத்.

"ஈயம். ஈயம்னு சொன்னேன். என் தோட்டத்து மண்ணுல இருக்கு, என் கீரையில இருக்கு. அந்த மிஷின் ரெண்டு தடவையும் சரியாத்தான் சொல்லிச்சு. இந்த மருந்துல கொறஞ்சிருக்கான்னு இனிமேத்தான் பாக்கணும். வயித்துல ஒண்ணு தங்கணும்னு காத்திருக்கிற பொண்ணு இத வாயில வைக்கவே கூடாது. போதுமா? தெருவுல போய்ச் சொல்லிக்கோ."

"அப்ப ஸும்ராதோட இரட்டை?" என்றாள் முனிஸா.

"அவ அம்மாவே இரட்டையில ஒண்ணுடி. என் கொத்தமல்லிக்கு அதெல்லாம் என்ன தெரியும்."

முனிஸா கத்தியைக் கீழே வைத்தாள். ஆய்கெரிம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நகரத்தில் தனக்குத் தெரிந்த நல்ல டாக்டர் ஒருத்தி இருக்கிறாள், கணவனையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும், இருவரையும் பார்த்தால்தான் தெரியும் என்று தணிந்த குரலில் சொன்னாள். இருவரையும் என்ற இடத்தில் பரோகத் முகம் சுளித்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்ததை அந்த வீட்டில் அன்றுதான் பார்த்தார்கள்.

பிறகு கட்டைத் தூக்கி ஓபாவின் கையில் திணித்தாள். "எடுத்துட்டுப் போங்க. இத்தனை நாளா இந்த ஒரு வார்த்தையச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. இன்னிக்கு என் அடுப்படில வந்து சொல்லணுமா?"

"உன் அடுப்படியில வந்துதானே மாட்டிச்சு என் கீரை."

அந்தக் கட்டோடு அரைக்கிலோ சேர்ந்துவிட்டது, பரிசோதனை முடிவு மாதக் கடைசியில் வந்தது. ஆய்கெரிமின் கார் இப்போது ஓடியது. அவள் இறங்கிய விதத்திலேயே ஓபாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கிட்டத்தட்டப் பாதி கொறஞ்சிருக்கு ஓபா. நான் எதிர்பாத்தத விட நல்லா வந்திருக்கு."

"பாதின்னா?"

"பாதி போதல. இன்னும் சந்தை அளவுக்கு மேலதான் இருக்கு."

"இடது பாத்தி?"

"அதக் கேக்காதீங்க."

ஓபா தேநீர்க் கிண்ணத்தைக் கையில் சுற்றினார். "என் மாமியார் தொண்ணூறு வயசு இருந்தாங்களே," என்றார், இந்தத் தடவை கேள்வியாக.

"இந்தக் கீரை இல்லாட்டி நூத்திப்பத்து இருந்திருப்பாங்க," என்றாள் ஆய்கெரிம்.

"அல்லா காப்பாத்தினான்," என்றார் ஓபா.

சிரித்துவிட்டு ஆய்கெரிம் விளக்கினாள். மருந்து செடிக்குத் தெம்பு தரும், மண்ணைக் கழுவாது. கீரை முழுக்க இலை, இலையில் ஏறினது அப்படியே வாய்க்கு வரும். தக்காளிப் பழத்துக்கு அவ்வளவு ஏறாது. இந்த மண்ணில் அதை வைத்து, இதே மருந்தைத் தெளித்து, பழத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அதுவரை கீரை வேண்டாம்.

"தக்காளி, கீரை போடத் தெரியாதவங்க போடறது," என்றார் ஓபா. ஆனால் அன்று மாலையே தயிர் டப்பாக்களைக் கழுவிக் காய வைத்தார். ஆய்கெரிம் முன்பே நகரத்திலிருந்து மூட்டையில் கொண்டுவந்த சுத்தமான மண்ணில் தக்காளி நாற்று ஏற்கனவே பின்கட்டு ஜன்னலோரம் இரண்டிலை விட்டிருந்தது. ஹோல்மத் அகா அவள் சொல்லித்தான் முன்னமே விதைத்தாராம். மனைவியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் பிறந்த காலையில் சந்தை மேலாளர் முசுக்கட்டை மரத்தடிக்கு வந்தார். பரோகத் தட்டுகளை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஓபா தக்காளி நாற்று டப்பாக்களை ஒரு பலகையில் அடுக்கிக்கொண்டு எதிரே நின்றார், உட்கார இடமில்லாமல்.

"ஓபா, கீரை?" என்றார் மேலாளர்.

"தேறல. இன்னும் ஈயம் இருக்கு," என்றார் ஓபா. சந்தை முழுக்கக் கேட்கிற அதே குரல். வாசலில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலாளர் பரோகத்திடம் திரும்பினார். "அப்ப இடம் உங்களுதுதான்."

பரோகத் வெங்காயத்தாளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "முனிஸாவும் என் பையனும் இன்னிக்கு அந்த நகரத்து டாக்டரம்மாகிட்டப் போயிருக்காங்க," என்றாள் யாரையும் பார்க்காமல். பிறகு தட்டை ஒரு முழம் இழுத்துக்கொண்டாள். "பாதி ஓபாவுக்கு. வெயில் வர்ற பாதி. கீரை நான்தான் விப்பேன், அதுல பேச்சே இல்ல."

"வெயில் வர்ற பாதியா? நாத்து வதங்கிடாதா? அந்தப் பக்கம் நகரு," என்றார் ஓபா, பலகையை இறக்கிக்கொண்டே.

"நாத்துக்கு வெயில்தான் வேணும்னு உங்க டாக்டரே சொன்னா."

"உனக்கு எப்பத்துலேர்ந்து அவ டாக்டரு?"

மேலாளர் மெல்ல நழுவினார். முதல் ஆளாக வந்த பெண் ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "உங்க தோட்டத்து மண்ணா ஓபா?" என்று கேட்டாள்.

"இல்ல, நகரத்து மண்ணு. என் மண்ணுல இருந்தா நானே சொல்லிடுவேன்," என்றார் ஓபா. "ரெண்டு எடுத்துக்கோ. சாயங்காலமா நடு. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி எலுமிச்சை இருக்கான்னு பாத்துக்கோ."

"தக்காளிக்கு எலுமிச்சை எதுக்கு?"

"வாங்கறவங்களப் பயமுறுத்தாதீங்க ஓபா," என்றாள் பரோகத். "தங்கச்சி, நீ இந்தப் பக்கம் வா, கொத்தமல்லி பாரு. அவங்க பேச ஆரம்பிச்சா மத்தியானம் ஆயிடும்."